மடியில் நாலரைக் கிலோ

இதனால் சகல பூனைகளுக்கும் அறிவிப்பது யாதெனில்... உங்கள் பொருட்டு மனிதர்கள் புரியும் தியாகங்களைப் போற்றும் மாபெரும் கலைக் கண்காட்சி, இன்று இனிதே தொடங்கிவிட்டது!

தலையாய கலைப்பொருள், ஒரு பல் டாக்டர்.

கண்ணாடி அறை. கதவுக்கு உள்பக்கம் தாழ். நாற்காலியில் டாக்டர். மடியில் தூங்கும் பூனை... நாலரைக் கிலோ.

அது தானாக எழும்வரை அவர் அசையக் கூடாது. பார்வையாளர்கள் வெளியிலிருந்து பொத்தானை அமுக்கினால், உள்ளே பச்சை விளக்கு எரியும். பக்தியை மெச்சுகிறார்களாம்!

ட்ரிங்...!

கண்காட்சி அமைப்பாளர் போனை எடுத்தார்.

"கண்ணாடி ரூம்ல குண்டு! நாலு மணிக்கு வெடிக்கும்!"

கரகரத்த குரல். கட்!

மணி 3.35.

ஐந்தே நிமிடத்தில் கூடம் காலி. இன்ஸ்பெக்டர் பாய்ந்து வந்தார்.

"டாக்டர்! வெளிய வாங்க!"

"ஷ்ஷ்... தூங்குது சார்."

"யோவ், குண்டுய்யா!"

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்களேன். இப்பதான் கண் அசந்துது."

இன்ஸ்பெக்டர் லத்தியை ஓங்கினார். அமைப்பாளர் குறுக்கே விழுந்தார்.

"ஐயோ, உடைச்சா படைப்போட அர்த்தமே மாறிடும் சார்!"

"வெடிச்சா?"

"அது... வேற அர்த்தம்."

டாக்டரின் மனைவி மூச்சிரைக்க ஓடிவந்தாள். கண்ணாடியில் அறைந்தாள்.

"என்னங்க... உங்க கால்ல விழறேன்! எழுந்திருங்க!"

"நீ போம்மா. இது முழிச்சதும் வந்துடறேன்."

3.50!

அவள் அப்படியே தரையில் சரிந்தாள்.

ஏட்டு தலைதெறிக்க வந்தார்.

"சார்! போன் பண்ணது யார்னு தெரிஞ்சு போச்சு! டாக்டரோட சம்சாரம்!"

"ஏம்மா?!"

"குண்டெல்லாம் இல்ல சார்..." பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். "நாளைக்கு எனக்கு ஹார்ட் ஆபரேஷன். நாலு மணிக்குள்ள எதிர் ஆஸ்பத்திரியில இதைக் குடுக்கணும். இல்லேன்னா அடுத்த தேதி ரெண்டு மாசம் கழிச்சுதான். அதுவரைக்கும் தாங்காதுன்னு சொல்லிட்டாங்க. சொந்தக்காரங்க ஒருத்தர் கையெழுத்து வேணும். எனக்கு அவர விட்டா யாரு..."

"அதை அவர்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"காலையிலேர்ந்து சொல்றேன் சார். பூனை எழுந்துக்கட்டும்னார். குண்டுன்னாலாவது எழுந்து வருவார்னு..."

இன்ஸ்பெக்டர் லத்தியை வீசினார்.

சிலீர்...!

பூனை துள்ளியது. உடைந்த கதவு வழியே பறந்தது. டாக்டரும் எழுந்தார்! கடைசியில் எழுந்தேவிட்டார்!

அவள் பேனாவை நீட்டினாள்.

அவளைத் தாண்டி ஓடினார்... பூனையின் பின்னால்.

3.56.

இன்ஸ்பெக்டர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடத்தில், 'கைது செய்தவர்' என்று எழுதினார்.