ஆறு விழாத பகடை

மத்தியானம் மூன்று மணிக்கு, பார்வையாளர்களுக்கான மணி அடித்ததும், வித்தைக்காரர் மூன்றாம் மாடியிலிருந்த பெண்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தார். லிஃப்ட் ஓடவில்லை. படியேறிய களைப்பில் வாசலிலேயே நின்று மூச்சு வாங்கினார். ஃபினாயில் வாடை, துடைத்துக் காயாத தரை, தட்டித் தட்டிச் சுற்றும் ஒரு மின்விசிறி. எல்லாம் அப்படியே இருந்தது. பதினோரு மாதம் தினமும் வந்த இடம். பிறகு மூன்று மாதமாக எட்டிக்கூடப் பார்க்காத இடம்.

"வந்துட்டீங்களா ஐயா?" என்றாள் தலைமை நர்ஸ். "எங்க பொண்ணுங்க பந்தயமே கட்டிட்டாங்க."

"யாரு ஜெயிச்சா?"

"யாரும் இல்ல. எல்லாருமே வரமாட்டீங்கன்னுதான் கட்டினாங்க."

அவர் சிரித்தார். சிரித்ததும் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"தூங்கறதே இல்லையா நீங்க?"

"தூங்கறேம்மா. ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் வருது."

அவர் மேடை வித்தைக்காரர் இல்லை. ஒரு கை தூரத்தில் எதிரே உட்கார்ந்து, பகடைகளை வைத்து வேடிக்கை காட்டுகிறவர். தோல் குவளையை மேசைமேல் இப்படியும் அப்படியும் வீசி நான்கு பகடைகளை அள்ளுவார். குவளையைத் தூக்கினால் நான்கும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கோபுரம்போல நிற்கும். அது கைப்பழக்கம். கடைசியாகச் செய்வதுதான் ஏமாற்று. நீங்கள் ஒரு பகடையை உருட்டிக் குவளையால் மூடிவிடலாம். அவர் முதுகைக் காட்டிக்கொண்டே எண்ணைச் சொல்லிவிடுவார். அந்தப் பகடையின் வயிற்றுக்குள் ஒரு சில்லு இருக்கிறது. அவருடைய காலுறைக்குள் பொத்தான் அளவில் ஒரு கருவி. மேலே மூன்று விழுந்தால் கணுக்காலில் மூன்று துடிப்பு. ஒரு அறை தூரத்துக்குத்தான் எட்டும். நீங்கள் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், பாவம், அவருடைய பிழைப்பு அது.

மனைவிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றபோது, அந்தப் பகடையைத்தான் அவளுடைய நல்ல கையில் வைத்தார். விரலால் திருப்பி எந்தப் பக்கத்தை மேலே கொண்டுவருகிறாளோ, அது அவர் காலுக்கு வந்துவிடும். ஒன்று என்றால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வைக்கணும். மூன்று, வலிக்கிறது. நான்கு, விளக்கை அணைக்கணும். ஐந்து, பக்கத்தில் வாங்க. ஆறு, போதும், வீட்டுக்குப் போய்த் தூங்குங்க.

தினமும் சாயங்காலம் அவள் ஆறு போடுவாள். அதற்குப் பிறகுதான் அவர் கிளம்புவார். வீட்டில் போய் விழுந்தால் கட்டை மாதிரித் தூங்குவார்.

கடைசி நாள் காலையிலிருந்தே மூன்று, இரண்டு, மூன்று, மூன்று. கணுக்கால் தோல் உரிந்து எரிந்தது. மனிதர்தானே அவரும். அரை மணி நேரம்தான் என்று காலுறையைக் கழற்றிவிட்டுத் தாழ்வாரத்துப் பெஞ்சில் கண்ணை மூடினார். எழுந்து மறுபடி மாட்டிக்கொண்டபோது கால் சும்மா இருந்தது. அவள் போய்விட்டிருந்தாள்.

"கையில எதையோ திருப்பித் திருப்பி வாசலையே பாத்துட்டு இருந்தாங்க," என்றாள் ஆயா.

பகடை கிடைக்கவில்லை. மெத்தையைப் புரட்டினார்கள், அவள் கிடந்த மூலைக் கட்டிலை நகர்த்தினார்கள். எங்கும் இல்லை. அன்றைக்கு ஆறு வரவில்லை. அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமும் வரவில்லை.

நோயாளிகளுக்கு வேடிக்கை காட்டக் கூப்பிட்டார்கள், வந்தார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் வந்தது அந்தப் பகடையைத் தேடி. அது கிடைத்துவிட்டால், ஆறைத் தானே மேலே திருப்பி வைத்துவிட்டு, போய்ப் படுத்துவிடலாம். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

முதல் கட்டிலில் கோபுரம் சரிந்தது. மூன்று மாதம் தொடாத கை. இரண்டாவது கட்டிலில் நின்றது. கைதட்டினார்கள். அப்படியே ஒவ்வொன்றாகப் போய், மூலைக்கு முந்தின கட்டிலுக்கு வந்தார். அங்கே கண்ணில் கட்டுப் போட்ட தையல்காரம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுபது வயதிருக்கும்.

"கண்ணைக் கட்டிட்டு உக்காந்திருக்கறவகிட்ட என்ன வித்தை காட்டப் போறீங்க தம்பி?"

"நீங்க உருட்டி மூடுங்கம்மா. நான் சொல்றேன். சரியான்னு விரலால தடவிப் பாத்துக்கங்க."

"ஐம்பது வருஷம் ஊசி பிடிச்ச விரல். அதை ஏமாத்த முடியாது, சொல்லிட்டேன்."

இதற்காகவே புதிதாக வாங்கி, பழைய கருவியோடு இணைத்த பகடை அது. அவள் உருட்டி மூடினாள். அவர் திரும்பி நின்றார். கணுக்காலில் துடித்தது.

"அஞ்சு."

அவள் குவளைக்குள் விரலை விட்டாள். "ரெண்டே குழிதான் இருக்கு. போங்க தம்பி."

பக்கத்துக் கட்டில்காரிகள் சிரித்தார்கள். மறுபடி உருட்டினாள். மறுபடி துடித்தது. அதே ஐந்து.

"அஞ்சு."

"ஒண்ணு. உங்களுக்கு அஞ்சைத் தவிர வேற நம்பரே தெரியாதா?"

அவர் சிரிக்கவில்லை. புதுப் பகடையை டப்பாவில் போட்டு மூடினார். குனிந்து, காலுறைக்குள் விரலை விட்டு, கருவியின் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்படியும் கணுக்கால் துடித்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்து.

"மூலைக் கட்டில்ல இருக்கறவங்களுக்கும் கொஞ்சம் காட்டுங்க தம்பி," என்றாள் தையல்காரம்மா குரலைத் தாழ்த்தி. "பாவம். காலையிலேருந்து கையில எதையோ உருட்டிட்டே இருக்காங்க. பேச்சுக் குடுத்தாலும் பதில் இல்ல."

மூலைக் கட்டிலில் யாரும் இல்லை. விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகியிருந்தது.

அவர் போய் அதன் ஓரத்தில் உட்கார்ந்தார். கால் உடனே அடங்கியது.

"வந்துட்டேம்மா," என்றார் மெதுவாக. "அன்னைக்கு அசந்துட்டேன். கழட்டி வெச்சது தப்புதான். ஆறு போட்டுரும்மா. நான் போய்த் தூங்கறேன்."

காத்திருந்தார். மின்விசிறி தட்டித் தட்டிச் சுற்றியது.

ஆறு வரவில்லை.

அவர் உட்கார்ந்திருந்த கட்டில் கிரீச்சிட்டது. எதிர்ப்பக்கத்தில் பாரம் ஒன்று மெல்ல விடுபட்டதைப்போல மெத்தை உயர்ந்தது.

"எழுந்துட்டாங்க," என்றாள் தையல்காரம்மா. "உங்க பின்னாடிதான் நிக்கறாங்க. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க தம்பி. ஒரு காலை இழுக்கறாங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குவளையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். நர்ஸ் ஏதோ கேட்டாள். காதில் விழவில்லை.

மூன்று மாடி. ஒவ்வொரு படிக்கும் அவருடைய காலடி ஒன்று. அதற்குப் பின்னால், கொஞ்சம் தாமதமாக, தரையில் துணி உரசும் சத்தம்.

பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். ஆனாலும் அவர் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. உட்கார வந்த ஒரு பெண் பாதியில் நிமிர்ந்து, "மன்னிச்சுக்கங்க, ஆள் இருக்கறது தெரியல," என்று நகர்ந்துபோனாள்.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. கருவியைச் சமையலறை டப்பா ஒன்றிலும் பேட்டரியை அலமாரியிலும் வைத்தார். காலுறை இரண்டையும் கழற்றி எறிந்தார். வெறுங்காலோடு படுக்கையறைக்குப் போய்த் தம் பக்கத்தில் சாய்ந்தார். அப்புறம்தான் பார்த்தார்.

அவளுடைய தலையணையில், நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் பகடை. அவள் விரல் பட்டுப் பட்டு முனை மழுங்கிய அதே பகடை. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

மேலே ஐந்து.

அவர் பகடையை எடுத்து, ஆறு மேலே வரும்படி திருப்பி, பள்ளத்திலேயே வைத்தார்.

"போதும்மா. ஆறு. தூங்கிக்கறேன்."

கண்ணை மூடினார். வெறும் கணுக்காலில், உரிந்து ஆறின தோலின்மேல், ஐந்து முறை துடித்தது. கண்ணைத் திறந்தால் பகடையில் ஐந்து.

மறுபடி திருப்பினார். மறுபடி ஐந்து.

மூன்றாவது முறை அவர் திருப்பவில்லை. நகர்ந்து, அந்தத் தலையணைக்குப் பக்கத்தில் தலையை வைத்துக்கொண்டார். மருந்து வாடை அடித்தது. கால் அடங்கியது. அறை அமைதியானது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக இமைகள் தாமாகவே கனத்து இறங்கின. உடம்பு மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. இதோ தூக்கம்.

கணுக்காலில் துடித்தது.

இரண்டு.

அவர் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். பிறகு பெருமூச்சு விட்டு எழுந்து உட்கார்ந்தார். பதினோரு மாதம் புரட்டிப் படுக்க வைத்த பழக்கத்தில், ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்குமாக, வெறும் படுக்கையின்மேல் நீட்டினார்.

கனமாக இருந்தது. பழைய கனம்தான்.