இருண்ட திரையில் தொட்டில்

மடிக்கணினி மறுபடியும் தானாக அணைந்தது. ரூபினி உச்சுக்கொட்டினாள். அது திரும்ப உயிர்பெற்று எழுத்துகள் தோன்றும்வரை அந்தப் பழைய மாடல் திரை நிலைக்கண்ணாடிபோலக் கறுத்துப் பளபளக்கும். அதில் அவள் முகம் தெரியும், முதுகுக்குப் பின்னால் கூடம் தெரியும், கூடத்தின் நடுவே இரும்புச் சட்டத்தில் ஸ்பிரிங் மாட்டித் தொங்கவிட்ட கைலித் தொட்டிலும் தெரியும். பாப்பா அதில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். பிறந்து சில மாதமே ஆன பிள்ளை, அப்படி என்ன கனம் இருக்கப்போகிறது? தொட்டில் எப்போதும் இடுப்பு உயரத்தில் லேசாகத் துள்ளிக்கொண்டிருக்கும்.

திரையில் அது தரையைத் தொடுவதுபோலத் தாழ்ந்து தொங்கியது.

திரும்பிப் பார்த்தாள். தொட்டில் இடுப்பு உயரத்தில்தான் இருந்தது.

தூக்கமில்லாத கண் என்று நினைத்துக்கொண்டாள். பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கியதில்லை. கணவன் அழகேசன் கூலிம் ஹைடெக் தொழிற்சாலையில் வேலைக்குப் போயிருந்தான். செமிலிங்கில் அவர்கள் வாடகைக்குக் குடியிருந்த வரிசை வீட்டுக்குப் பின்னால் ரப்பர் காடு. மதியத்திலிருந்து விடாமல் பெய்த மழையில் அங்கிருந்து, கோப்பைகளில் உறைந்த ரப்பர் பாலான கட்டிப்பாலின் வாடை புளித்துக் கிளம்பி, ஜன்னல் இடுக்கு வழியாக வீட்டுக்குள் நிறைந்திருந்தது. முன்வாசல் தகரக்கூரையில் மழை விழும் சத்தத்தில் வேறு எதுவும் சரியாகக் காதில் ஏறவில்லை. சாயங்காலம் அவளுக்கு இன்டர்வியூ. வீட்டிலிருந்தே செய்கிற வேலை, பிள்ளையைப் பார்த்துக்கொண்டே செய்யலாம். டைப்பிங் டெஸ்ட் உண்டு, அதனால் கைப்பேசி போதாது, கணினிதான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இதைவிட்டால் இப்படி ஒன்று எப்போது கிடைக்குமோ.

மேசைமேல் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு அண்ணனை அழைத்தாள். லோகேஸ்வரனுக்கு அலோர் ஸ்டார் மெர்கோங்கில் கணினிக் கடை.

"அண்ணே, திரும்பவும் செத்துப்போச்சுண்ணே."

"அப்படியே ஆஃப் ஆவுதா, ரீஸ்டார்ட் ஆவுதா?"

"கொஞ்ச நேரம் கறுப்பா நிக்குது. அப்புறம் தானா வருது."

"அப்போ சூடுதான்லா. காலேஜ்ல வாங்கின லேப்டாப், இன்னும் அத வெச்சி அடிச்சிக்கிட்டு இருக்க. மாப்பிள்ளையோட ஸ்க்ரூடிரைவர் இருக்கா? பேட்டரியக் கழட்டிட்டு பின்மூடியத் தொற. ஃபேன்ல தூசி அடைச்சிருக்கும்."

திறந்தாள். காற்றாடியின் இதழ்களுக்குள் தூசி கம்பளித் துண்டாகத் திரண்டு கிடந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தாள், வாயால் ஊதினாள். அண்ணன் சொன்னபடி ராம் என்கிற மெமரி அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்தி மாட்டினாள். கைவேலை மனசை அடக்கியது. மூடியை முடுக்கி, பேட்டரியைப் போட்டு, பட்டனை அழுத்தியபோது காற்றாடி சத்தமில்லாமல் சுற்றியது.

"வருதுண்ணே!"

"நான் சொன்னேன்ல. கொஞ்ச நேரம் ஓடட்டும், பாப்போம்."

டைப்பிங் பயிற்சிப் பக்கத்தைத் திறந்தாள். இரண்டு வரிகூட அடித்திருக்கமாட்டாள். திரை கறுத்தது.

இந்தத் தடவை அவள் தன் முகத்தைப் பார்க்கவில்லை. திரைக்குள் தெரிந்த தொட்டிலைத்தான் நேராகப் பார்த்தாள். ஸ்பிரிங் நீண்டு விறைத்திருந்தது. கைலி பிதுங்கி, அடிப்பாகம் சிமெண்டுத் தரையில் உரசியது. துணியின் ஓரத்தில் எதுவோ நீட்டிக்கொண்டிருந்தது.

கால். பெரிய ஆளுடைய கால். குதிகால் வெடித்து, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறியதுபோல வெளுத்திருந்தது.

நாற்காலி பின்னால் சாய, பாய்ந்து போய்த் தொட்டிலுக்குள் கையை விட்டாள். மழை இருட்டில் எதையும் நின்று பார்க்கவில்லை. கைக்கு அகப்பட்ட இளஞ்சூட்டை வாரி எடுத்துத் தோளில் போட்டு இறுக்கிக்கொண்டாள். சின்ன உடம்பு. சின்ன முதுகு. முகத்தை அவள் கழுத்தில் புதைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. அந்தப் பிடி கிடைத்ததும்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

"என்னம்மா சத்தம்?" என்றான் அண்ணன்.

"நாற்காலி விழுந்திடுச்சு." சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். சொன்னால் என்ன நினைப்பான்? பிள்ளை பெற்ற உடம்பு, தனியாக இருக்கிறாள், மாப்பிள்ளைக்குப் போன் போடுவான். அவர் லீவு போட்டு ஓடி வருவார். இன்டர்வியூ அவ்வளவுதான். "திரும்பவும் ஆஃப் ஆயிடுச்சுண்ணே."

"அப்போ பேட்டரிதான் கோளாறு. அதக் கழட்டி வெச்சிட்டு சார்ஜர்ல மட்டும் போடு."

வாசல் கதவைப் பார்த்தாள். வெளியே மழை வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. இந்த ஈரத்தில் பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? பாப்பாதான் கையில் இருக்கிறாளே. இனி எது வந்தால் என்ன. நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்து, ஒரு கையால் பேட்டரியை நெம்பி எடுத்துவிட்டுப் பட்டனை அழுத்தினாள்.

ஓடியது. டைப் அடித்தாள், ஓடியது. கேமராவைத் திறந்து மூடினாள், ஓடியது. திரை வெளிச்சமாக, ஒன்றும் நடக்காததுபோல நின்றது.

"சரியாயிடுச்சு போலண்ணே."

"ஹா, அவ்வளவுதான். லைன்லயே இரு, இன்னும் கொஞ்சம் பாத்துருவோம்."

அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பின்னால் ஸ்பிரிங் கிரீச்சிட்டது.

காலித் தொட்டில். காற்றாக இருக்கும். திரும்பிப் பார்த்தாள். தொட்டில் ஆடவில்லை. திரையைப் பார்த்தாள். வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து. அதில் கூடம் தெரியவில்லை. மறுபடியும் கிரீச். அந்தக் கால் இப்போது எங்கே? தொட்டிலிலா? தரையிலா? நாற்காலிக்குப் பின்னாலா? வெறும் கண்ணுக்கு அது அகப்படாது. கறுத்த திரைக்கு மட்டும்தான் அகப்படும். அதைத்தான் இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்துவிட்டாள்.

கட்டிப்பால் வாடை இப்போது ஜன்னல் பக்கமிருந்து வரவில்லை. மிக அருகிலிருந்து வந்தது.

தோள் மரத்துப்போயிருந்தது. பாப்பா நல்ல தூக்கத்தில் கனத்தாள். தூங்குகிற பிள்ளை கனக்கத்தான் செய்யும். இன்னும் கனத்தாள்.

விரலைப் பட்டன்மேல் வைத்தாள். வேண்டாம் என்றது மனசு. பார்க்காமல் உட்கார்ந்திருப்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

அழுத்தினாள்.

திரை கறுத்தது.

முதலில் தொட்டிலைத் தேடினாள். இடுப்பு உயரத்தில் இருந்தது. வழக்கம்போல லேசாகத் துள்ளியது. கைலியின் மடிப்புக்குள் எதுவோ நெளிந்தது. ஒரு குட்டிக் கை வெளியே வந்தது. மூடிய விரல்கள். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு.

பாப்பாவின் கை.

அவள் முதுகுக்குப் பின்னால், தொட்டிலுக்குள்ளிருந்து, பிள்ளை வீறிட்டது.

"ரூபி, பாப்பா அழுவுறா பாரு," என்றான் அண்ணன். "லேப்டாப் கிடக்கட்டும். போய்த் தூக்கும்மா."

அவளால் எழ முடியவில்லை.

திரையில், அவள் தோள்மேல், ஈரம் சொட்டும் நரைத்த தலை ஒன்று சாய்ந்திருந்தது. அகன்ற முதுகு. அவள் மடிக்கு இருபுறமும் நீண்ட கால்கள் தொங்கின. பாதங்கள் தரையில் ஊன்றியிருந்தன.

"ரூபி? கேக்குதா? பாப்பா அழுவுறா."

கழுத்தைச் சுற்றிக் கிடந்த கைகளில் ஒன்று மெல்ல விலகியது. அவள் முதுகுக்கு இறங்கியது. அகலமான, குளிர்ந்த உள்ளங்கை.

தட்டிக்கொடுக்கத் தொடங்கியது. மெதுவாக. ஒரே சீராக. அவளைத் தூங்கவைப்பதுபோல.