நடுவில் ஓர் இடம்

மெத்தையின் வெளி ஓரம் மறுபடியும் ஈரமாக இருந்தது.

அங்கே யாரும் படுப்பதில்லை. சுவரை ஒட்டி ஆல்வா, அவன் முதுகை ஒட்டி ஹல்டா. அவளுக்குப் பின்னால் ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் மெத்தை, அதற்கப்பால் தரை. அந்த வெற்றிடத்தில்தான் வைக்கோல் அமுங்கிக் கிடந்தது. குனிந்து முகர்ந்தாள். நனைந்த கம்பளி, விறகுப் புகை, அப்போதுதான் கிளறிய மண். விஸ்கான்சினில் மண் பனிக்கடியில் போய் ஒரு மாதமாகிவிட்டது. மெத்தையைத் தூக்கி அடுப்பருகே சாய்த்து வைத்தாள். கணவன் ஆல்வாவிடம் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. ஆல்வா உள்நாட்டுப் போருக்குப் போய் வந்தவன். வட்டாரத்து இளைஞர்கள் ஒன்றாகப் பெயர் கொடுத்துக் கிளம்பிய தன்னார்வப் படை அவனுடையது. முதலில் கென்டக்கி. பிறகு டென்னசியின் குளிர்காலங்கள், ஜார்ஜியாவின் பைன் காடுகள், கடல், அதன்பின் கரோலினாவின் சதுப்பு நிலம் வழியாக வடக்கே. போன கோடையில் ஊர் திரும்பியபோது பாதிப்பேர்கூட இல்லை. திரும்பாதவர்களில் அவளுடைய அண்ணன் ஆரினும் ஒருவன். காய்ச்சலில் போய்விட்டான் என்று மட்டும் ஆல்வா சொன்னான். அதற்குமேல் அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

கோடை முழுக்க அவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில்தான் தூங்கினான். மெத்தை ரொம்ப மென்மையாக இருக்கிறதாம். அவள் சண்டை போடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை அவன் கம்பளியைப் படுக்கையறைப் பக்கமாக ஓர் அடி நகர்த்தி விரித்தாள், அவ்வளவுதான். ஆப்பிள் பறிக்கும் காலத்தில் படுக்கையறை வாசற்படிக்கு வந்துவிட்டான். முதல் பனி விழுந்த அன்று படுக்கைக்கு. மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த வெதுவெதுப்பு அது. ஓர் ஈரத் திட்டுக்காக அதை இழக்க அவளுக்கு மனமில்லை.

அப்புறம் அந்த வார்த்தை. தினமும் நள்ளிரவுக்குமேல், தாழ்ந்த குரலில்.

"திரும்பு."

முதல் தடவை திடுக்கிட்டாள். ஆனால் ஆல்வா தூக்கத்திலேயே திரும்பினான், அவளும் திரும்பினாள். கூடாரத்தில் மூன்று பேர் இரண்டு கம்பளிக்குள் முழங்காலோடு முழங்கால் பொருந்திப் படுப்பார்கள் என்றும், தனியாக ஒருவன் புரள முடியாது என்றும், ஒருவன் சொன்னால் மூவரும் சேர்ந்துதான் திரும்பவேண்டும் என்றும் அவன் முன்பே சொல்லியிருந்தான். அவளுக்கு அது பிடித்திருந்தது. தான் பார்க்காத அந்த மூன்று வருடங்களுக்குள் தன்னையும் சேர்த்துக்கொண்டது போல இருந்தது. சில நாளில் விழிக்காமலே திரும்பப் பழகிவிட்டாள்.

கடுங்குளிர் இறங்கிய ஒரு மதியம் லைமன் வந்தான். கூடாரத்தின் மூன்றாவது ஆள். காலியான இடது சட்டைக்கையை மடித்து ஊசி குத்தியிருந்தான். காப்பியை ஊற்ற ஊற்றக் குடித்தான். ரொட்டியைக் கடித்துவிட்டு, பல்லை உடைக்காத ரொட்டியைத் தின்றால் பட்டாளக்காரனுக்கு வயிறு கெட்டுவிடும் என்றான். ஆல்வாகூடச் சிரித்தான். அந்தச் சந்தோஷத்தில்தான் அவளும் வாய்விட்டாள். உங்கள் நண்பன் இன்னும் ராத்திரியில் கட்டளை போடுகிறான், நான்தான் இப்போது அவனுடைய படை என்றாள்.

"இவனா?" லைமன் தொடையைத் தட்டினான். "தங்கச்சி, இவன் ஒரு நாளும் சொன்னதில்ல. நடுவுல சுகமா கிடக்கிறவன் எதுக்குச் சொல்றான்? ஓரத்துல கிடக்கிறவனுக்குத்தான் முதுகு விறைக்கும். அவன்தான் கூப்பிடுவான்."

"யாரு கூப்பிடுவாங்க?"

"உங்க அண்ணன்தான்."

ஆல்வா கோப்பையைக் கீழே வைத்தான். லைமன் அவனைப் பார்த்தான், பிறகு அவளை.

"இவகிட்ட நீ சொல்லலையாடா?"

சொல்லவேண்டியதை லைமனே சொன்னான். டென்னசியில் ஒரு போர்க்களம், எதிரி பக்கத்திலேயே இருந்ததால் தீ மூட்டக்கூடாது என்று உத்தரவு. ஆரினுக்குக் காய்ச்சல். அன்று மட்டும் நடு இடத்தை அவனுக்கு விட்டிருந்தார்கள். அவன் எழுந்து வெளியே போய் வருவதற்குள் ஆல்வா அந்தச் சூட்டுக்குள் உருண்டுவிட்டான். தூக்கத்திலா, தெரிந்தேவா, யாருக்குத் தெரியும். ஆரின் ஒன்றும் சொல்லாமல் ஓரத்தில் படுத்துக்கொண்டான்.

"விடிஞ்சதும் பாத்தா கட்டையா கிடந்தான். டாக்டர் தொட்டுப் பாத்துட்டு, முன்னிரவுலயே போயிருக்கான்னாரு." லைமன் காலிச் சட்டைக்கையைத் தடவினான். "விடியற வரைக்கும் கூப்பிட்டான் தங்கச்சி. நாங்க திரும்பினோம்."

இருட்டுவதற்குமுன் அவன் கிளம்பிப் போனான். ஆல்வா கம்பளியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தான். ஹல்டா அதன் முனையைப் பிடித்தாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆனாலும் இந்தக் குளிருக்கு ஒருவனைக் கொடுத்தது போதும்.

"உள்ள வா. அங்க படுத்தா விறைச்சுப் போவ."

"எத்தனை நாளா அது உனக்குக் கேக்குது?"

"நீ படுக்கைக்கு வந்த நாள்லேர்ந்து."

அவன் கம்பளியைக் கைவிட்டான். "எனக்கும்தான். நீதான் சொல்றேன்னு நினைச்சேன்."

அன்று முதுகுக்குப் பின்னால் வெற்றிடத்தை வைத்துக்கொண்டு அவளால் படுக்க முடியாது. சுவர்ப் பக்கம் அவள் போனாள், வெளி ஓரத்தில் அவன். அண்ணனை நினைத்து அவனைத் தொடவும் முடியவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தாள். சண்டை போட்ட தம்பதி போல இருவருக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. ஓர் ஆள் அகலத்துக்கு.

அடுப்பில் தணல் சரிந்து அடங்கும் ஓசை. கூரைமேல் பனி நகரும் ஓசை. ஆல்வாவின் மூச்சு மெல்ல மெல்ல நீண்டு தூக்கமானது. ஜன்னலில் நிலா. காதைத் தீட்டிக்கொண்டு அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. வெகுநேரம் வரவில்லை.

மெத்தை அமுங்கியது.

ஓரத்தில் அல்ல. அவள் முதுகுக்குப் பின்னால்.

நனைந்த கம்பளி வாசனை. முதுகெலும்பு நெடுக வரிசையாகக் குளிர்ந்த பித்தளைப் பொத்தான்கள். அவள் முழங்கால் மடிப்புக்குள் ஒரு முழங்கால் வந்து பொருந்தியது. ஐஸ்.

ஆல்வாவின் கை போர்வையைத் தேடி இழுப்பது கேட்டது. தூக்கக் குரலில் அன்பாகச் சொன்னான்.

"எவ்வளவு குளிர்ந்து கிடக்கிற, ஹல்டா. கிட்ட வா."

அவன் போர்வையைப் போர்த்திவிட்டான். அவளுக்கு அல்ல.

அவள்மேல் இருந்த துணி உருவிக்கொண்டு போனது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மரப்பலகை இடுக்கில் காற்று. விரல் மரத்தது. தாடை மரத்தது. கத்தினால் ஆல்வா விழிப்பான். கத்த வரவில்லை. அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டால் போதும். அந்தக் கையை எடுத்துவிட்டால் போதும். ஓரத்தில் கிடப்பவளுக்கு வேறு வழியில்லை. வாயில் ஒரு சொல்தான் இருந்தது.

"திரும்பு."

அவள் குரல்தான். தாழ்ந்த குரல்.

ஆல்வா உடனே மறுபக்கம் திரும்பினான். பழகிய அவள் உடம்பும் தானாகவே திரும்பியது. நடுவில் இருந்தது மட்டும் திரும்பவில்லை.

நிலா வெளிச்சத்தில் ஆல்வாவின் மூச்சு, அப்பால், வெள்ளையாக எழுந்தது. அவளுடையதும் எழுந்தது, எதிரே இருந்த முகத்தில் பட்டது, அந்த இமைகளின்மேல் உறைபனியாகப் படிந்தது. அந்த வாயிலிருந்து ஒன்றும் எழவில்லை.

இமைகள் திறந்தன.