பொன்விழா அன்று காணாமல்போன விண்கல்

துணியை விலக்கியபோது கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றுமில்லை.

காலை ஒன்பது மணி. நிலவியல் பட்ட மேற்படிப்புப் பள்ளியின் பொன்விழா தொடங்க இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. பள்ளியின் இயக்குநர் துணியின் நுனியைப் பிடித்த கையை விடாமல் அப்படியே நின்றார். பெட்டிக்குள் கறுப்பு வெல்வெட் மெத்தை. அதன் நடுவே ஒரு பள்ளம். அவ்வளவுதான்.

"என்னடி இது?" என்றார் பக்கத்தில் நின்றவளைப் பார்த்து.

பக்கத்தில் நின்றவள் காவல்துறை ஆய்வாளர். ஒரு காலத்தில் இதே பள்ளியில் கல்லும் மண்ணும் படித்து, பட்டம் வாங்கிய கையோடு காக்கிச் சட்டைக்குப் போனவள். இன்று பழைய மாணவியாக, சாதாரண உடையில் வந்திருந்தாள். படிக்கிற நாளில் எதைக் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பாள் என்பதால் 'மூக்கி' என்று பேர் வைத்திருந்தார்கள். வைத்தவரே இந்த இயக்குநர்தான். விடுதியில் இருவரும் ஒரே அறை.

"சத்தம் போடாதே. துணியைப் பழையபடி மூடு" என்றாள் மூக்கி.

காணாமல்போனது சாதாரணக் கல் இல்லை. முதல் அணி மாணவர்களை வெட்டவெளிக்கு அழைத்துப்போன தொடக்ககால ஆசிரியர் பெரியசார் கண்டெடுத்த விண்கல். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம், இரும்பு நிறம். பள்ளியின் முத்திரையில் அதுதான் இருந்தது. இன்று விருந்தினருக்குக் கொடுக்க அடுக்கியிருந்த பைகளிலும் அதன் படம்தான். விழாவின் முதல் சொற்பொழிவே அதைப் பற்றித்தான். பழைய மாணவன் ஒருவன், இப்போது வெளியூரில் பேராசிரியன், கையில் பிடிக்கும் எக்ஸ்-ரே கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். கல்லைக் கீறாமல், உடைக்காமல், அதற்குள் என்னென்ன உலோகம் இருக்கிறது என்று பெரிய திரையில் காட்டப்போவதாக ஏற்பாடு. முன்வரிசையில் பெரியசார் உட்கார்ந்திருப்பார்.

மூக்கி பெட்டியின் பூட்டைப் பார்த்தாள். கீறல் இல்லை.

"சாவி யார்கிட்ட?"

"ஒரே ஆள்கிட்டதான்" என்றார் இயக்குநர். அந்தக் குரல் மூக்கிக்குப் பிடிக்கவில்லை.

காட்சிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியை மாணவர்கள் எல்லாரும் சாவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெறப் போகிறவர். விஷயத்தைச் சொன்னதும் சுவரோடு சாய்ந்துகொண்டார்.

"கடைசியா எப்போக்கா பாத்தீங்க?" என்றாள் மூக்கி.

"நேத்து மத்தியானம். கண்ணாடியைத் துடைச்சு நான்தான் துணி போட்டேன். அப்போ இருந்தது."

"அறையை உடனே பூட்டிட்டீங்களா?"

"இல்லம்மா. சாயங்காலம் பழைய மாணவர்களுக்கு வெளியே தேநீர் கொடுத்தாங்களே, அதுவரைக்கும் திறந்துதான் இருந்தது. ஆளுங்க வந்து போயிட்டிருந்தாங்க. பெரியசார் ஒரு நாற்காலியைப் போட்டு இது முன்னாடி உக்காந்திருந்தார். அவர் போனதும் கொக்குத் தம்பி வந்தார். நாளைக்கு மேடைக்குக் கொண்டுபோகணும், உயரம் அகலம் பாக்கணும்னார். நான் தட்டுமுட்டு வேலைக்கு அங்க இங்க போயிட்டு வந்து எல்லாத்தையும் பூட்டினேன்."

கொக்கு என்றது அந்தப் பேராசிரியனைத்தான். மூக்கிக்கு இரண்டு வருஷம் இளையவன். கழுத்து நீளம்.

"பூட்டும்போது துணியைத் தூக்கிப் பாத்தீங்களா?"

"இல்ல." சாவியக்கா துணியைப் பார்த்தார். "பாத்திருக்கணும்."

மூக்கி தரையில் மண்டியிட்டாள். பெட்டியின் முன்கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் பதித்து மேலே தள்ளி, அடிப்பக்கத்தை வெளியே இழுத்தாள். கண்ணாடி சட்டத்திலிருந்து அலுங்காமல் கழன்று வந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது.

"நம்ம அணி கடைசி நாள் படம் எடுத்தப்போ கல்லை எப்படி வெளிய எடுத்தோம், மறந்துட்டியா?" என்றாள்.

இயக்குநருக்கு முகம் சிவந்தது. "அக்கா, அது வந்து..."

"எனக்குத் தெரியும்" என்றார் சாவியக்கா. "எல்லா அணியும் எடுத்தீங்க. திருப்பி வச்சிடுவீங்கன்னு கண்டும் காணாம இருந்தேன்."

ஆக, சாவிக்கு வேலையே இல்லை. இங்கே படித்த யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். அப்படி எடுப்பதால் யாருக்கு என்ன லாபம்? விற்கப் போனால் அடுத்த நிமிஷமே கண்டுபிடித்துவிடுவார்கள். உலகத்தில் அப்படி ஒரே ஒரு கல்தான். படமோ ஊரெல்லாம் இருக்கிறது.

விழா அரங்கில் நாற்காலி இழுக்கும் சத்தம் காதைப் பிளந்தது. மேடை நடுவில் ஒரு மேஜை. மேஜைக்கு நேராக முக்காலியில் கேமரா. நாற்காலி தூக்குகிறவர்களில் ஒருவர் முக்காலியை உரசிக்கொண்டு போக, கேமராக்காரர் பாய்ந்து வந்தார்.

"அண்ணே, அதைத் தொடாம போங்க. நகத்தளவு சாமானுக்கு ஃபோகஸ் வச்சிருக்கேன். பொழுது விடிஞ்சதும் வந்து குனிஞ்சு குனிஞ்சு முதுகு போச்சு. ஒரு நூல் நகர்ந்தா மறுபடி முதல்லேர்ந்து வரணும்."

மேஜையோரம் கொக்கு நின்றிருந்தான். குளியல் துண்டில் சுற்றியிருந்த கருவியைக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்திருந்தான். துப்பாக்கி மாதிரி பிடியும் முனையுமாக விலையுயர்ந்த சாமான். மூக்கியைப் பார்த்ததும் சிரித்தான். அவள் பின்னால் வந்த இயக்குநரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"கல்லைக் காணோம்டா" என்றாள் மூக்கி.

அவன் கருவியைத் துண்டோடு இறுக்கிக்கொண்டான். பிறகு, "பெரியசாருக்குத் தெரியுமா?" என்றான்.

"இன்னும் சொல்லல."

"சொல்ல வேண்டாம்க்கா. என் பையில சின்ன விண்கல் துண்டு ஒண்ணு இருக்கு, வேற இடத்துல கிடைச்சது. அதை வச்சுச் சமாளிச்சிடறேன். கல்லு பத்திரம் கருதி உள்ள வச்சிருக்குன்னு சொல்லிடலாம்."

இயக்குநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்லவேளை நீ இருந்தே" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மூக்கி விருந்தினர் அறைப் பக்கம் நடந்தாள்.

பெரியசார் சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தார். விரல்கள் நடுங்கின. அவள் போய்ப் போட்டுவிட்டாள். இந்தக் கைகளால் ஒரு தேநீர்க் கோப்பையையே சிந்தாமல் தூக்க முடியாது. அந்தக் கல்லை எங்கே தூக்குவது.

"நேத்து கல்லைப் பாத்தீங்களா சார்?"

"துணி போட்டிருந்தாங்க. இன்னைக்கு எல்லாரோடயும் சேர்ந்து பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்." அவர் முகம் மலர்ந்திருந்தது. "கொக்கு இன்னைக்கு நிக்கல் எவ்வளவுன்னு சொல்லிடுவான் பாரு. இரும்பு விண்கல்லுன்னா நிக்கல் இல்லாம இருக்காது. அந்தக் காலத்துல ஒரு பொடிச் சில்லு எடுத்து ரசாயனம் ஊத்தினோம். இளஞ்சிவப்பா வந்தது. இருக்குன்னு தெரிஞ்சுது, எவ்வளவுன்னு தெரியல. அதுக்கப்புறம் உளி படவே நான் விடல."

"வேற யாரும் சோதிச்சுப் பாக்கலையா?"

"கோவில் மணியைப் போய் யாராவது உரசிப் பாப்பாங்களா?" என்று சிரித்தார்.

அவள் காட்சிக்கூடத்துக்குத் திரும்பியபோது வாசலில் அலுவலக ஊழியர் இருவர் நின்றார்கள். உள்ளே சாவியக்காவின் அலமாரி திறந்து கிடந்தது. அவருடைய கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கூடு, மாத்திரை அட்டை, சாப்பாட்டு டப்பா, பேரப்பிள்ளைக்கு வாங்கிய வண்ணப் பென்சில் பெட்டி. சாவியக்கா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அழவில்லை. யாரையும் பார்க்கவுமில்லை.

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார் இயக்குநர், தரையைப் பார்த்தபடி. "அவங்க பொறுப்புல இருந்த பொருள். போலீசுக்கு எழுதிக் கொடுக்கத்தான் வேணும்."

"நானும் போலீசுதான். கொஞ்சம் பொறு" என்றாள் மூக்கி.

மேடைக்குப் பின்னால் பேச்சாளர்களுக்கு ஒதுக்கிய சின்ன அறை. கொக்கு தனியாக உட்கார்ந்திருந்தான். மூக்கி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"கருவிக்குப் பெட்டி இல்லையாடா?"

"இருக்குக்கா."

"அப்புறம் ஏன் துண்டுல சுத்தி வச்சிருக்கே?"

அவன் பார்வை கீழே போனது. மேஜைக்கடியில் கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. பூட்டியிருந்தது.

"நான் சொல்லட்டுமா?" அவள் எதிரே உட்கார்ந்தாள். "கல்லு போனது ஒன்பது மணிக்குத்தான் எங்களுக்கே தெரியும். அதுக்கப்புறம்தான் நீ சின்னத் துண்டை வச்சுச் சமாளிக்கறேன்னே. ஆனா கேமராக்காரர் பொழுது விடிஞ்சதும் வந்து நகத்தளவு சாமானுக்கு ஃபோகஸ் வச்சாச்சு. அந்தக் கல்லு ரெண்டு கை நிறையும். அதுக்கு யாரும் நகத்தளவுன்னு சொல்ல மாட்டாங்க. அவருக்கு அப்படிச் சொன்னது நீ. பெரிய கல்லு மேடைக்கு வராதுன்னு யாருக்கும் தெரியறதுக்கு முன்னாடி உனக்குத் தெரிஞ்சிருக்கு. எடுத்தவனுக்குத்தான் அது தெரியும்."

கொக்கு கழுத்தைத் தொங்கப்போட்டான்.

"ஏன்னுதான் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் புரியல" என்றாள் மூக்கி. "சார் நிக்கலைப் பத்திச் சொன்னப்போ புரிஞ்சுது. நேத்து சாயங்காலம் ஒத்திகை பாத்திருக்கே. நிக்கல் வரல."

அவன் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தான். கருவி இருக்க வேண்டிய பஞ்சுக் குழியைப் பிய்த்துப் பெரிதாக்கியிருந்தான். அதற்குள் கல் இருந்தது.

"துளிகூட இல்லக்கா. அது வானத்துலேர்ந்து விழல. யாரோ உலையில உருக்கின பழைய இரும்புக் கட்டி. இதைத் திரையில போட்டு, அவர் முகத்தை எப்படிப் பாக்கறது? விழா முடிஞ்சு ரெண்டு நாள்ல எங்கயாவது வச்சிட்டுக் கிடைச்சிடுச்சுன்னு சொல்லலாம்னு நினைச்சேன். நான் நல்லதுக்குத்தான்..."

"உன் நல்லதுக்கு அங்க சாவியக்காவோட கைப்பையைக் கவுத்துக் கொட்டியிருக்காங்க."

அவனுக்கு அது தெரியாது. முகம் வெளுத்தது. எழுந்து நேராகக் காட்சிக்கூடத்துக்குப் போனான். இயக்குநர் முன்னாலும் ஊழியர்கள் முன்னாலும் நடந்ததைச் சொன்னான். சாவியக்கா முழுக்கக் கேட்டார்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம் தம்பி" என்றார். "எத்தனையோ தடவை கண்டும் காணாம இருந்தவதானே." இயக்குநர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "விழா முடியட்டும்மா" என்று பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

பெரியசாரிடம் யார் சொல்வது என்பதில் தகராறு வரவில்லை. கொக்கே கல்லைத் தூக்கிக்கொண்டு போனான். மூக்கி கதவருகில் நின்றாள். கல்லை மேஜையில் வைத்துவிட்டு அவன் சொல்லி முடித்தான். பெரியசார் கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"நிக்கல் எவ்வளவு?"

"இல்லைங்க சார்."

"எத்தனை இடத்துல பாத்தே?"

"சுத்தியும் பாத்தேன் சார். அடியிலயும் பாத்தேன்."

"கருவி சரியா இருக்கா?"

"என் விண்கல் துண்டுல வச்சுப் பாத்தேன் சார். அதுல சரியாக் காட்டுது."

"எங்களுக்கு இளஞ்சிவப்பு வந்ததே." அவர் தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் எதையோ பிடிப்பதுபோல் காற்றில் குவிந்தன. "இடுக்கி. பொடிச் சில்லை அமிலத்துல இடுக்கியோட முக்கினேன். பளபளன்னு புது இடுக்கி. அந்தப் பளபளப்பே நிக்கல் முலாம்தான். நான் கல்லைச் சோதிக்கல கொக்கு. இடுக்கியைச் சோதிச்சிருக்கேன்."

கொக்கு தலைகுனிந்து நின்றான்.

"இதை மறைக்கவா எடுத்தே?" பெரியசாரின் குரலில் முதல்முறையாகச் சூடு ஏறியது. "நான் தப்பா சொன்னதை ஐம்பது வருஷம் எல்லாரும் சொல்லிட்டிருக்கீங்க. இன்னும் ஐம்பது வருஷம் சொல்லணுமா? அதுதான் எனக்குச் செய்யற மரியாதையா?"

"தப்புதான் சார்."

"அந்தக் கேமராக்காரரை ஃபோகஸை மாத்தச் சொல்லு."

பதினொரு மணிக்கு அரங்கு நிரம்பியிருந்தது. கொக்குக்குப் பதிலாகப் பேசப் பெரியசார் மேடையேறினார். கொக்கு கருவியோடு பக்கத்தில் நின்றான். மேஜைமேல் கல். திரையில் அதன் ஒவ்வொரு குழியும் தெரிந்தது. கொக்கு கருவியை வைத்து அழுத்தினான். கோடுகள் ஏறின, நிக்கல் இருக்க வேண்டிய இடத்தில் கோடு படுத்தே கிடந்தது. பெரியசார் இடுக்கிக் கதையைச் சுற்றிவளைக்காமல் சொன்னார். பின்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்து அடக்கிக்கொண்டார்கள். முன்வரிசையில் இயக்குநர் முத்திரை அச்சடித்த பையைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

அப்போது நடுவரிசையில் ஒரு மாணவி கை தூக்கினாள்.

"சார், இது கிடைச்ச இடத்துல உலை ஏதும் இருந்ததா?"

"அங்க ஊரே கிடையாதும்மா. வெறும் பொட்டல். கண்ணுக்கெட்டின தூரம் ஒண்ணுமில்ல."

"அப்படின்னா இவ்வளவு இரும்பை அங்க யார் சார் உருக்கினாங்க?"

பெரியசார் கல்லைத் திரும்பிப் பார்த்தார். மூக்கி இருக்கையின் விளிம்புக்கு வந்துவிட்டாள். கொக்கு கருவியை மேஜையில் வைத்தான். கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்தப் பெண்ணைத் தேடிப் பார்த்தார்.

"யாராவது அந்த இடத்தோட வரைபடத்தை எடுத்துட்டு வாங்கப்பா" என்றார். "நீ முன்னாடி வாம்மா."