அளந்தவர்

காலையில் கம்பளித் தொப்பியை இழுத்து மாட்டும்போதுதான் ரிஸ்தெனுக்கு அது தெரிந்தது. காதுகளுக்குச் சற்று மேலே, பக்கத்துக்கு ஒன்றாக, பட்டாணி அளவுக்கு இரண்டு இடங்கள் சில்லென்று இருந்தன.

வலி இல்லை, வீக்கமும் இல்லை. விரலால் தேய்த்துப் பார்த்தாள். தேய்த்த விரல்தான் குளிர்ந்தது. அடுப்புக்கு முன்னால் தலையைக் காட்டிக்கொண்டு ஒரு கோப்பை காபி முடியும்வரை நின்றாள். முகம் சிவந்து, கழுத்து வியர்த்து, ஸ்வெட்டருக்குள் உடம்பு புழுங்கியது. அந்த இரண்டு புள்ளிகள் மட்டும் அப்படியே இருந்தன, யாரோ இப்போதுதான் விரலை எடுத்துக்கொண்டு போனதுபோல.

வெளியே வடதுருவத்து டிசம்பர். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி இரண்டு வாரமாகிவிட்டது. இனி ஜனவரி பாதியில்தான் வரும். அதுவரைக்கும் பகல் என்றால் பதினொரு மணிக்கு வானத்தின் அடியில் கசியும் ஒரு நீலம், ஒன்றரை மணிக்கெல்லாம் வடிந்துவிடும். தெருவிளக்குகளின் கீழே பனி மஞ்சளாகக் கிடந்தது. ரிஸ்தென் பால் வாங்கக் கடைக்குப் போனாள்.

கடைக்காரி ஆய்லே தலையில் சால்வையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு நின்றாள். கடைக்குள் ஹீட்டர் கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது.

"என்ன ஆய்லே, உள்ள இருந்துகிட்டே இப்படிப் போத்திக்கிட்டிருக்க?"

"குளிருதுக்கா."

"குளிருதா? ஐஸ்கிரீமே உருகிடும்போல இருக்கு இங்க."

ஆய்லே சிரிக்கவில்லை. பால் பாக்கெட்டைத் தள்ளிவிட்டு வேறுபக்கம் பார்த்தாள். காபி அலமாரி ஓரமாக நின்ற மூன்று பேரும் தொப்பியைக் கழற்றியிருக்கவில்லை. மூன்று பேரும் காபித்தூள் டப்பாக்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் கடைக்குள் வந்தால் முதலில் தொப்பி கழலும், அப்புறம் வாய் திறக்கும். அன்றைக்கு இரண்டுமே நடக்கவில்லை.

ரிஸ்தென் பாலைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஊர்ப் பொதுக்கூடத்துக்கு நடந்தாள். ஒரு காலத்தில் அதுதான் பள்ளிக்கூடம். பதினாறு வருஷமாகச் சாவி அவளிடம்தான் இருக்கிறது. கூட்டிப் பெருக்குவது, கூட்டங்களுக்கு மேஜை போடுவது, ஊரின் பழைய படங்களையும் காகிதங்களையும் பெட்டி கட்டி வைப்பது எல்லாம் அவள் வேலை. திங்கட்கிழமை வந்து இறங்கிய பெட்டியும் அங்கேதான் இருந்தது.

அந்தப் பெட்டிக்காக அவள் பதினோரு வருஷம் தெற்கே இருந்த ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தாள். அப்படி ஒன்றும் எங்களிடம் இல்லை என்றார்கள். பிறகு, இருக்கிறது, ஆனால் வெளியாட்களுக்குத் தர இயலாது என்றார்கள். அதில் இருப்பது என் அம்மா, வெளியாள் நீங்கள் என்று ரிஸ்தென் பதில் போட்டாள். அதே வரியை ஏழு கடிதங்களில் எழுதினாள். எட்டாவதற்குப் பெட்டியே வந்துவிட்டது.

உள்ளே நாற்பத்து மூன்று தாள்கள். அறுபது வருஷத்துக்கு முன்னால் தெற்கிலிருந்து வந்த ஆட்கள் இந்த ஊரையே வரிசையில் நிற்க வைத்துத் தலையளந்த கணக்கு. ஒவ்வொரு தாளிலும் ஒரு ஆள். நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். தலை நீளம், தலை அகலம், மூக்கு, கண்ணின் நிறம். இனம் என்ற கட்டத்தில் 'லாப்' என்று போட்டிருந்தது. அது தெற்கத்தியார் வைத்த இழிபெயர்; இந்த வடக்கின் பழங்குடிகளான 'சாமி' இன மக்கள் தங்களைத் தாங்களே ஒருநாளும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. தாள்களோடு ஒரு தோல் உறை, அதற்குள் கவராயம்போல ஒரு கருவி: வளைந்த இரண்டு எஃகுக் கால்கள், நுனியில் பட்டாணி அளவுக்கு உருண்டைகள், நடுவில் ஒரு அளவுகோலும் திருகும்.

பதினேழாவது தாள் அவள் அம்மா மார்யா. வயது பத்து. குறிப்பு என்ற இடத்தில் சாய்ந்த பென்சில் எழுத்தில் இருந்தது: 'எதிர்க்கிறாள். இருவர் பிடித்துக்கொண்டனர்.'

அம்மா சாகும்வரை யாரையும் தன் தலையைத் தொட விட்டதில்லை. தலைமுடியைத் தானே கத்தரித்துக்கொள்வாள். ஏன் என்று கேட்டால் எழுந்து போய்விடுவாள். திங்கட்கிழமை சாயங்காலம் ரிஸ்தென் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தாளின் அடியில் 'அளந்தவர்' என்று அச்சடித்து ஒரு புள்ளிக்கோடு இருந்தது. அதில் ஒன்றும் எழுதவில்லை. நாற்பத்து மூன்று தாளிலும் அந்த ஒரு கோடு மட்டும் காலி.

இப்போது கூடத்தின் கதவைத் திறந்ததும் அவள் அப்படியே நின்றாள். பெட்டியை வைத்துப் பூட்டிய அலமாரி பூட்டியபடிதான் இருந்தது. தோல் உறை மேஜைமேல் திறந்து கிடந்தது. கருவி அதற்குள் இருந்தது, ஆனால் அதன் கால்கள் விரிந்திருந்தன. பக்கத்தில் தாள்கள். கட்டு பருத்திருந்தது.

எண்ணிப் பார்த்தாள். அறுபத்தொன்று.

மேலே இருந்த தாளில் படங்கள் இல்லை. படத்துக்கான இடத்தில் இரண்டு சாம்பல்நிறச் சதுரங்கள். பெயர்: ரிஸ்தென், மார்யாவின் மகள். தலை அகலம் 14.9 செ.மீ. அதே சாய்ந்த எழுத்து. குறிப்பு இன்னும் எழுதப்படவில்லை. விரலை வைத்ததும் கரி ஒட்டியது. எழுதி ஒருநாள்கூட ஆகியிருக்காது.

வெளியே பனி ஸ்கூட்டர் வந்து நின்றது. அவள் தம்பி நீலாஸ், பனிமான் மந்தையைப் பிரித்து வேலிக்குள் அடைத்துவிட்டு நேரே சாப்பிட வந்திருந்தான். காய்ந்த இறைச்சித் துண்டை வாயில் வைத்தபடியே தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"இந்தத் தொப்பி துவைச்சதுல சுருங்கிடுச்சுபோல. காலைல இருந்து ரெண்டு பக்கமும் என்னமோ அமுக்குது."

ரிஸ்தென் இரண்டாவது தாளை எடுத்து நீட்டினாள். நீலாஸ் படித்தான். மெல்லுவது நின்றது.

"'நட்பானவன். ஒத்துழைக்கிறான்.'" மறுபடி படித்தான். "ஒத்துழைக்கிறானா? நான் தூங்கிட்டுல்ல இருந்தேன்!"

அவனே சிரித்தான். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான்.

"யாரோ விளையாடுறாங்கக்கா."

"உன் காதுக்கு மேல தொட்டுப் பாரு. அப்புறம் சொல்லு, யாரு விளையாடுறதுன்னு."

அவன் தொட்டான். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அடுத்த தாள் ஆய்லே. அதற்கடுத்தது தபால்காரர், அவர் மனைவி, அவர்களுடைய கைக்குழந்தை. குழந்தையின் தலை அகலமும் இருந்தது. குறிப்பு: 'அழவில்லை.'

"கொளுத்திடலாம்" என்றான் நீலாஸ். "அடுப்புல போடு. இப்பவே."

"அம்மாவையும் சேத்தா?"

"அக்கா..."

"பத்து வயசுல அம்மா எப்படி இருந்தாள்னு காட்ட உலகத்துல வேற ஒரு படம் இருக்கா? இது ஒண்ணுதான் இருக்கு. அதையும் நானே கொளுத்தணுமா?"

"அப்ப வந்த இடத்துக்கே அனுப்பிடு."

"பதினோரு வருஷம், நீலாஸ். திருப்பிக் கொடுக்கறதுக்கா வாங்கினேன்?" அவள் குரல் உயர்ந்தது. "அன்னைக்கு ஊரே வாயை மூடிக்கிட்டு நின்னுச்சு. இன்னைக்கும் கடைல அப்படித்தான் நிக்குதுங்க, தொப்பியை இழுத்து விட்டுக்கிட்டு. என் தாள்ல குறிப்பு இன்னும் எழுதல. அப்படின்னா அது மறுபடி வரும். வரட்டும். நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

பழைய படங்களில் ஒவ்வொரு தலைக்கும் பின்னால் ஒரே பலகைச் சுவர் தெரிந்தது. இந்தக் கூடத்தின் வடக்குச் சுவர்தான் அது. இப்போது மஞ்சள் வண்ணம் பூசியிருந்தார்கள். அங்கே நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நீலாஸ் போகவில்லை. ஒரு பேனாவையும் வெற்றுத் தாள்களையும் எடுத்துக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்தான். அவன் கண் அடிக்கடி வாசல் பக்கம் போய் வந்தது.

"ஓடணும்னா ஓடிடு" என்றாள்.

"ஸ்கூட்டர்ல பெட்ரோல் இல்ல" என்றான். பொய் என்று இருவருக்கும் தெரியும்.

மணி பன்னிரண்டே முக்கால். ஜன்னலில் அன்றைக்கான நீலம் முழுவதுமாக வந்து நின்றிருந்தது. நான்கு குழல்விளக்குகளும் எரிந்தன. மேஜைக்கடியில்கூட நிழல் இல்லை. ஹீட்டரின் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம், கூரையில் பனி இறுகும் சத்தம், நீலாஸின் மூச்சு, அவளுடைய மூச்சு. முதலில் வந்தது வாசனை. மருத்துவமனைச் சோப்பும், நனைந்த கம்பளியும், நெடுநாள் மூடிக் கிடந்த வாயின் வாடையும் ஒன்றாகக் கலந்து, வாசல் பக்கம் மேலங்கி மாட்டும் அறையிலிருந்து மெதுவாக ஊர்ந்து வந்தது. பிறகு தரைப் பலகைகள். ஒன்று. இன்னொன்று. அவசரமே இல்லை. தினமும் வேலைக்கு வருகிறவனின் நடை.

விளக்கு மங்கவில்லை. எதுவும் தெரியவும் இல்லை.

நடை அவளுக்கு எதிரில் வந்து நின்றது.

மேஜையில் தோல் உறை காலியாக இருந்தது.

காதுக்கு மேலே, இரண்டு பக்கமும், எஃகு தொட்டது. குளிர் எலும்புக்குள் இறங்கியது. திருகு சுற்றும் சத்தம். கிளிக். இன்னும் கொஞ்சம். கிளிக். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவள் இமைக்கவில்லை.

"அக்கா." நீலாஸின் குரல் அவன் குரலாகவே இல்லை. "உன் தாள்ல எழுத்து வருது. தானா வருது."

"என்னன்னு?"

"'அமைதியானவள்'னு."

"அடிச்சிடு."

"நானா?"

"பேனா உங்கிட்டதானே இருக்கு? அடிச்சிட்டு 'எதிர்க்கிறாள்'னு எழுது. பெருசா எழுது."

பேனா தாளைக் கீறியது. அவள் தலையை இறுக்கிய எஃகு ஒரு கணம் தயங்கியது. அந்த ஒரு கணம் அவளுக்குப் போதுமாக இருந்தது. இரண்டு கைகளையும் தூக்கிக் கருவியின் கால்களைப் பிடித்தாள். அதை ஏற்கெனவே பிடித்திருந்த விரல்கள் அவள் விரல்களுக்கடியில் இருந்தன. நனைந்து காய்ந்த காகிதம்போல மொரமொரவென்று. அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிடுங்கினாள். எழுந்தாள்.

"இப்ப நீ உக்காரு."

எதுவும் நடக்கவில்லை.

"உக்காருன்னு சொன்னேன். பத்து வயசுப் பொண்ண உக்கார வெச்சீங்கள்ல? உக்காரு!"

நாற்காலி முனகியது. மெத்தை அமுங்கியது.

நீலாஸ் வாய்விட்டு எதையோ வேண்டிக்கொண்டான். ரிஸ்தென் நாற்காலியை நெருங்கினாள். விரித்த கருவியை நாற்காலிக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில் கொண்டுபோய் மெல்ல மூடினாள். நுனிகள் எதிலோ முட்டி நின்றன. கெட்டியான ஒன்றில். அதன் நெற்றிப்பொட்டில் ஒரு நரம்பு துடித்தது. எஃகு வழியாக அந்தத் துடிப்பு அவள் விரலுக்கு வந்தது. சீராக. ஒன்று, இரண்டு என்று அது எண்ணிக்கொண்டிருந்தது.

"எழுது, நீலாஸ். தலை அகலம் பதினாறு புள்ளி நாலு."

"அக்கா, வேண்டாம்..."

மறுகையால் அந்த முகத்தைத் தடவினாள். "கண்ணு: இல்ல. முடி: ஈரம். கீழ கோட்டுல அளந்தவர் பேரு ரிஸ்தென். முழுசா எழுது."

அவன் எழுதினான். நாற்காலியில் இருந்தது எழ முயன்றது. அவள் அதன் தோளைப் பிடித்து அமுக்கக் கையை இறக்கினாள்.

அங்கே தோள் இல்லை.

உள்ளங்கையில் இன்னொரு தலை இருந்தது. மெல்லிய முடியோடு, முதலாவதைவிடச் சற்றுச் சிறியதாக. அதற்குக் கீழே இன்னொன்று. பக்கத்தில் ஒன்று. கை போன இடமெல்லாம், நாற்காலியின் கால்வரைக்கும், அதைத் தாண்டித் தரைவரைக்கும், நெருக்கி அடுக்கிய தலைகள். ஒவ்வொன்றிலும் நரம்பு துடித்தது. எல்லாம் சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தன.

"போதும்க்கா. வா, போயிடலாம்."

"அளந்துட்டுப் பேரு எழுதாமப் போனவங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க. அடுத்த தாளை எடு" என்றாள் ரிஸ்தென்.

இரண்டாவது தலையில் அவள் எஃகை வைத்ததும் எண்ணுவது நின்றது. எல்லாவற்றிலும், ஒரே சமயத்தில். பிறகு அவள் உள்ளங்கைக்கடியில், வெளிச்சம் நிறைந்த அந்தக் காலி நாற்காலியில், தலைகள் ஒவ்வொன்றாக மெல்லத் திரும்பி அவள் முகத்தை நோக்கி நிமிர்ந்தன. அவள் திருகை முடுக்கினாள்.