ஹெய்லிங்கின் கடைசிச் சுரங்கம்

ஹெய்லிங் நகரத்தில் அன்று காலையும் வழக்கம்போல் நிலக்கரியைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள்.

நகரைச் சுற்றி நின்ற உறிஞ்சு கோபுரங்கள் காற்றிலிருந்து கரிவளியைப் பிடித்து மறுபடி நிலக்கரிக் கட்டிகளாக்கின. இயந்திர எறும்புகள் அவற்றைச் சுமந்துபோய்ப் பழைய சுரங்கங்களுக்குள் அடுக்கின. ஒரு காலத்தில் சீனாவின் பாதித் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் கொடுத்த ஊர் அது. தோண்டி எடுத்ததைத் திருப்பி வைப்பதே பல தலைமுறைகளாக அதன் பிழைப்பு. இன்று கடைசிச் சுரங்கம் நிறையப்போகிறது. அது மூடியதும் கோபுரங்கள் கப்பலேறி நெய்வேலிக்குப் போகும்.

கட்டுப்பாட்டறையில் இருந்த பொறியாளர் பூங்கோதை நெய்வேலிக்காரி. காலையிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

“கோதை, இன்னும் ஒரே வரிசைதான். எனக்கு இருப்பே கொள்ளல” என்றார் சுரங்கத் தலைவர் லியாங். அவர் பேசியது சீனம். அவள் காதுக்குப் பின்னால் பதித்திருந்த மொழிச்சில்லு அதை அவள் ஊர்த் தமிழாக்கியது.

“எனக்கும்தாண்ணே. ஊர்ல எல்லாரும் திரை முன்னாடி உக்காந்திருக்காங்க.”

கடைசிக் கட்டி உள்ளே போயிற்று. எஃகுக் கதவு இறங்கியது. லியாங் குழந்தைபோல அழுதார்.

மாலையில் ஒளிவிழா. கட்டடமெல்லாம் விளக்கு, வானத்தில் பறக்கும் விளக்குகளால் ஒரு டிராகன். ஆனால் பகலெல்லாம் மேகமூட்டம். ஏரிமேல் மிதந்த சூரியத் தகடுகள் போதிய மின்சாரம் தரவில்லை. டிராகன் இடுப்போடு அணைந்துபோயிற்று.

நகரத் தலைவி ஜோ மூச்சு வாங்க ஓடிவந்தார். “காட்சிக்கு வச்சிருக்கிற பழைய அனல்மின் நிலையம் இன்னும் ஓடுமா?”

“ஓடும். ஆனா எரிக்கிறதுக்கு...” லியாங் எஃகுக் கதவைப் பார்த்தார்.

“விழாவே அதை மூடினதுக்குத்தானேங்க” என்றாள் பூங்கோதை. “திறந்தா, சரியா மூடியிருக்கான்னு மறுபடி முதல்ல இருந்து சோதனை. எங்க ஊருக்குக் கோபுரம் வர்றதும் தள்ளிப்போயிடும்.”

“உலகமே பாத்துக்கிட்டிருக்கும்மா. இவ்வளவு பெரிய வேலைய முடிச்சுட்டு இருட்டுலயா கொண்டாடுறது? கொஞ்சமா எடுப்போம். நாளைக்கே திருப்பி வச்சிடலாம்” என்றார் ஜோ.

கதவு பூங்கோதையின் உள்ளங்கைக்குத்தான் திறக்கும். அவள் கையைக் கட்டிக்கொண்டாள். அப்போது நெய்வேலியிலிருந்து அவள் தம்பி குமணன் அழைத்தான்.

“என்னக்கா, டிராகன் பாதியிலயே நின்னுடுச்சு? இங்க ஊரே கூடியிருக்கு. சீக்கிரம் போடச் சொல்லுக்கா.”

அவள் கதவைப் பார்த்தாள். அணைந்த வானத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையைக் கதவில் வைத்தாள்.

எறும்புகள் கட்டிகளை வெளியே இழுத்தன. பழைய புகைபோக்கி இருமிக்கொண்டே விழித்தது. டிராகன் தலைமுதல் வால்வரை பொன்னாக எரிந்தது. அதன் கீழே ‘கரியை வென்ற நகரம்’ என்ற எழுத்துகள் சுடர்விட, கூட்டம் ஆரவாரித்தது. லியாங் அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

எல்லோரும் படமெடுத்தார்கள். டிராகனின் குறுக்கே கரும்புகை போவதைக் கவனித்து, படத்திலிருந்து அதை மட்டும் அழித்தார்கள். பூங்கோதையும் அழித்துவிட்டு, நெய்வேலிக்கு அனுப்பினாள்.