பதினாலு நாட்டுக் கார்டுகள்

"ஐயோ...! போச்சு...! எல்லாம் போச்சு!"

பொகவந்தலாவைத் தோட்டத்து ஆஸ்பத்திரி அதிர்ந்தது.

வார்டில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். எந்தக் கட்டிலில் சாவு?

எந்தக் கட்டிலிலும் இல்லை. அலறியவர் டாக்டர் கணேசமூர்த்தி!

அவர் கையில் ஒரு பிஸ்கட் டின். காலி!

நர்ஸ் மீனம்மா ஊசியும் கையுமாக ஓடி வந்தாள்.

"என்னங்க டாக்டரய்யா?"

"கார்டெல்லாம் காணோம், மிஸ்ஸி!"

அம்மை குத்தியும் சில பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி ஏன் வருவதில்லை? இந்த ஒரே கேள்வியைத் துரத்தி ஒன்பது கட்டுரை எழுதியவர் டாக்டர். ஒன்பதும் சீமைப் பத்திரிகைகளில் வந்தவை. படித்த வெளிநாட்டு டாக்டர்கள், 'எனக்கொரு பிரதி அனுப்புங்கள்' என்று தபால் கார்டு போட்டார்கள்.

பதினாலு நாடு. முப்பத்தொரு கார்டு.

அவை இல்லையென்றால்...?

ஆராய்ச்சியைச் சோதிக்க நேற்று சாயங்காலம் கொழும்பிலிருந்து வந்திறங்கிய அதிகாரி சிவசாமி, 'யாரும் படிக்காத ஆராய்ச்சி' என்று இன்று ரிப்போர்ட் எழுதுவார். ஆராய்ச்சி அறைக்குப் பூட்டு! மைக்ரோஸ்கோப் கொழும்புக்கு!

சிவசாமி கோட்டை மாட்டிக்கொண்டே வந்தார்.

"கார்டு நெசமாவே இருந்திச்சா டாக்டர்... இல்ல கனவுல வந்திச்சா?"

"நேத்து டின்ன காட்டினேனே சார்!"

"டின்ன பாத்தேன். கார்ட பாக்கலையே!"

டாக்டரின் பார்வை வார்டு வேலையாள் மூக்கன் மேல் பாய்ந்தது.

"டேய் மூக்கா, கார்ட போட்டு அடுப்பு பத்த வச்சிட்டியா?"

"ஐயா! வெறகுதான் மலையா குமிஞ்சி கெடக்கே! அதுல போயி தேடுங்க, இல்லாட்டி லயத்துல என் வீட்டுக்கு வந்து தேடுங்க!"

தேடினார்கள். மருந்து அறை... சமையல் குசினி... கோழிக்கூடு...

ஒரு கோழி கொத்தியது. வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

"இன்னும் ஒரு ரூம் பாக்கலைங்களே..." என்றாள் மீனம்மா.

"அது என் ரூம்!" சிவசாமி கதவை மறித்து நின்றார். "நா கவர்மெண்டு ஆளு, தெரியுமில்ல?"

"கவர்மெண்டு ரூம்லயும் தூசி விழுமுங்க. கொஞ்சம் நவுருங்க!"

மீனம்மா கதவைத் தள்ளினாள்.

உள்ளே...

பேசினில் வெந்நீர். அதில் மிதந்தன கார்டுகள்!

கட்டிலில் ஒரு துவாய். அதன்மேல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன முப்பத்தொரு ஸ்டாம்புகள். பிரேசில்... ஜப்பான்... சுவீடன்...

"அடப்பாவி!" என்றான் மூக்கன்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே சார்!" என்றார் டாக்டர்.

"சின்ன வயசுலருந்து ஸ்டாம்பு சேக்கிறேன், டாக்டர்... பதினாலு நாடு... ஒரே டின்னுல... கை சும்மா இருக்கல."

டாக்டர் ஒரு கார்டைத் தூக்கினார். மை கரைந்து நீலமாக ஒழுகியது. ஒரு எழுத்துகூட மிச்சமில்லை!

சிவசாமிக்குத் திடீரென்று தைரியம் வந்தது.

"த்சொ... த்சொ! இப்ப அத்தாட்சியே இல்லையே டாக்டர். யாரும் படிக்கலன்னுதான் எழுதணும்."

டாக்டர் நாற்காலியில் சரிந்தார்.

மீனம்மா சரியவில்லை.

"எழுதுங்க சார், நல்லா எழுதுங்க. மூக்கா, நீ பொலிசுக்கு ஓடு!"

"பொ... பொலிசா?" என்றார் சிவசாமி.

"வேணாம்னா மன்னிப்பு லெட்டர் ஒண்ணு எழுதிக் குடுங்க. என்னத்த எடுத்தீங்க, யாரு பேருக்கு வந்தது, எதுக்கு வந்தது, எந்தெந்த நாடு... எல்லாம் வெவரமா!"

சிவசாமி எழுதினார். ஸ்டாம்புக்காரர் புத்தி விடுமா? முப்பத்தொன்றும் நாடுவாரியாக! ஊர், தேதி, முத்திரை உட்பட! கடைசியில், 'எல்லாம் டாக்டர் கணேசமூர்த்தியின் கட்டுரை கேட்டு வந்தவை.' கையெழுத்து!

மீனம்மா அதை வாங்கி டாக்டரிடம் நீட்டினாள்.

டாக்டர் படித்தார். மெல்ல நிமிர்ந்தார். சிரித்தார்.

"அடடா... எனக்கு எந்தெந்த ஊர்ல வாசகருன்னு நானே இவ்வளவு அழகா எழுதினதில்ல! சார், இது கொழும்புக்கு இப்படியே போகட்டுமா? இல்ல, இந்த லிஸ்ட்ட நீங்களே ரிப்போர்ட்டுல ஏத்திடுறீங்களா?"

பத்தே நிமிடம். ரிப்போர்ட் தயார்!

'உலகமே தேடிப் படிக்கும் ஆராய்ச்சி. உடனே இன்னொரு மைக்ரோஸ்கோப் கொடுக்கவும்.'

பெட்டியைத் தூக்கிய சிவசாமி வாசலில் தயங்கினார்.

"டாக்டர்... அந்த ஸ்டாம்புல ஒண்ணே ஒண்ணு...?"

"பத்தாவது கட்டுரை வரட்டும் சார். படிச்சிட்டு நீங்க எனக்கு ஒரு கார்டு போடுங்க. நம்ம நாட்டு ஸ்டாம்பு மட்டுந்தான் இதுவரைக்கும் எனக்கு வந்ததில்ல!"